திருத்தப்போவது சம்பந்தியம்மா

தலைநகரிலிருந்து வரப்போகும் அதிகாரி யாரென்று தெரிந்ததும் மாநிலத் தேர்வு இயக்குநர் கடிதத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். மகளின் மாமியார்!

நாடு முழுக்க ஐந்தாம் வகுப்புக்கு ஒரே வாரத்தில் ஒரே தேர்வு என்று புதிய சட்டம் வந்திருந்தது. அந்த வாரம் இங்கே மழை பிய்த்துக்கொண்டு கொட்டும். ஆற்றுக்கு அக்கரைப் பிள்ளைகளால் பள்ளிக்கு வரவே முடியாது. வராதவர்களுக்கு ஒரு வருஷம் வீண். எப்படியாவது தேதியைத் தள்ளிப்போட்டாக வேண்டும்.

அம்மாள் வந்து கைப்பையை மேசைமேல் வைத்தார். "ஆபீஸ்ல சம்பந்தி கிம்பந்தியெல்லாம் கிடையாது, சொல்லிட்டேன்."

"சரிங்க மேடம்."

"மேடமா? எங்க வீட்டு ரிசப்ஷன்ல பந்தி லேட்டுன்னு என்கிட்ட குதிச்சப்போ இந்த மரியாதை எங்க போச்சு?"

மூலையிலிருந்த குமாஸ்தாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது.

இயக்குநர் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் விஷயத்துக்கு வந்தார். "மழைகிட்ட போய் உங்க உத்தரவைக் காட்டவா? எங்களுக்கு மட்டும் தேதியை மாத்திக் குடுங்க."

"ஆளுக்கொரு தேதின்னா கேள்வி வெளிய வந்துடுமே! மத்த மாநிலப் பிள்ளைங்க எழுதினதை உங்க பிள்ளைங்க உட்கார்ந்து மனப்பாடம் பண்ணும்."

"அப்போ கேள்வித்தாளை நாங்களே தயாரிக்கிறோம்."

"தயாரிச்சு, நீங்களே திருத்தி, போன வருஷம் மாதிரி மார்க்கை வாரி இறைப்பீங்க. ஊரே பாஸ்! எனக்குத் தெரியாதா?"

தெரிந்துதான் இருந்தது. அந்தத் தேர்ச்சி விழுக்காட்டுக்காக மந்திரி இயக்குநருக்குச் சால்வையே போர்த்தியிருந்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை.

"நீங்களே திருத்துங்க."

அம்மாள் நிமிர்ந்தார். "எங்க ஆளுங்க ரொம்பக் கறார். பாதிப் பேர் கவுந்துட்டா மந்திரி உங்களைச் சும்மா விடுவாரா?"

"மாட்டார். ஆனா பரீட்சைன்னு ஒண்ணு எழுதினாத்தானே, சம்பந்தியம்மா, ஃபெயிலாகக்கூட முடியும்?"

அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேச்சுல உங்களை ஜெயிக்க முடியுமா? சரி, எந்தப் பாடம்னு நாங்க சொல்வோம். கேள்வியும் தேதியும் உங்க இஷ்டம். திருத்துறது மட்டும் நாங்க. அதுல ஒரு மார்க்கு கெஞ்சக்கூடாது."

"மூச்சு விடமாட்டேன்."

அம்மாள் கிளம்பியதும் இயக்குநர் அக்கரைத் தலைமையாசிரியரைத் தொலைபேசியில் பிடித்தார். "மழை விட்டப்புறம்தான்யா பரீட்சை! ஒரு பிள்ளை விடாம வந்து எழுதும். ஆனா திருத்தப்போறது என் சம்பந்தியம்மாவோட ஆளுங்க."

தலைமையாசிரியர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏன் சார், மழையையே சமாளிச்சிருக்கலாமோ?"

இயக்குநர் வாய்விட்டுச் சிரித்தார். "போய்ப் பாடத்தை நடத்துய்யா!"