இறக்கைக்குள் ஒரு குழாய்

டெல்மர் பழைய குழாயின் முனையைப் பிடித்து மறுபடி இழுத்தான். அது அசையவில்லை. விமான இறக்கையின் இன்னொரு பக்கம், அடித்தகட்டில் இருந்த கையகலத் துளைக்குள் தோள்வரை கையை விட்டுக்கொண்டு, விமானத் திடலில் எங்கள் கொட்டகைத் தரையில் மல்லாந்து கிடந்தேன் நான்.

“வருதா?” என்றான்.

“வந்தா சொல்ல மாட்டேனா? இங்க சொகுசுக்கா படுத்திருக்கேன்?”

திங்கட்கிழமை ஆய்வாளர் வருகிறார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் டெல்மர் தன் கையால் கட்டிய விமானத்தைப் பறக்க விடலாம். இந்தத் தேதி தவறினால் இனி அக்டோபரில்தான் வருவாராம். அக்டோபர் முடிந்தால் மினசோட்டாவில் ஓடுபாதை பனிக்கடியில் போய்விடும். ஆக, இந்தக் கோடையில் அவன் பறப்பதும் பறக்காததும் இந்த ஒரு சனிக்கிழமையின் கையில் இருந்தது. நானும் டெல்மரும் பள்ளியில் ஒரே வகுப்பு; பிறகு கல்யாணம். அப்போதிருந்தே பறக்கப்போகிறேன், பறக்கப்போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். இந்த விமானம் எங்கள் கார் ஷெட்டில் வளர்ந்த வருடங்களில் என் கார் வெளியே பனியில் நின்றது. அந்தப் பேச்சை எடுத்தால் நான் நிறுத்த மாட்டேன்.

காலையில் சோதித்துப் பார்த்தபோதுதான் வம்பு வந்தது. இறக்கைக்கு அடியில் காற்றை எதிர்கொள்ள ஒரு சின்ன மூக்கு உண்டு. அதில் மோதும் காற்றின் அழுத்தம் மெல்லிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றின் வழியாகப் போய், விமானியின் முன்னால் இருக்கும் வேகமுள்ளை நகர்த்தும். சிரிஞ்சால் மூக்குக்குள் காற்றை அழுத்தினோம். முள் ஏறியது. ஏறிய இடத்தில் நிற்காமல் மெல்ல இறங்கியது. குழாய் எங்கோ கசிகிறது.

புதுக் குழாயைப் பழையதன் வாலில் கட்டி, பழையதை இந்தப் பக்கம் இழுத்தால் புதியது தானாக உள்ளே வந்துவிடும். சுலபமான வேலை என்றான். நானும் நம்பிப் படுத்தேன்.

“டெல்மர், இது ஏன் வரல?”

அவன் இழுப்பதை நிறுத்தினான்.

“உள்ள குறுக்குத் தகடு வர்ற இடத்துல கொஞ்சம் சிலிக்கான் பசை வச்சேன்.”

“எதுக்கு?”

“குழாய் ஆடாம இருக்கட்டும்னு.”

“எத்தனை தகட்டுல?”

“எல்லாத்துலயும்.”

“கொஞ்சம்னா?”

“கொஞ்சம் தாராளமா.”

நான் கையை வெளியே எடுத்தேன். முழங்கையில் சிராய்ப்பு. “உலகத்துல எல்லாரும் குழாயைத் துளையில கோத்துட்டுப் போவாங்க. நீ மட்டும் ஒட்டி வைப்பே. கல்யாணத்தன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்கணும். சட்டை வெளிய வரக்கூடாதுன்னு பேன்ட்டோட சேத்துத் தச்சுக்கிட்டு வந்தவன்தானே நீ!”

“வெளிய வந்துச்சா?”

இந்தச் சமயத்தில் பக்கத்துக் கொட்டகை வெண்டல் காபி பிளாஸ்க்கோடு வந்தார். எங்கள் விமானத் திடலில் யாராவது கையில் திருப்புளியை எடுத்தால் போதும், யோசனை சொல்ல ஆள் வந்துவிடும்.

“நூல் நுனியில பஞ்சைக் கட்டி விடுங்க. அந்தப் பக்கம் வேக்குவம் கிளீனரை வச்சு உறிஞ்சினா நூல் வந்துடும். அப்புறம் நூல்ல குழாயைக் கட்டி இழுத்துக்கலாம்” என்றார்.

செய்தோம். வேக்குவம் கிளீனர் அலறியது. இறக்கைக்குள்ளிருந்து அலுமினியத் துருவலும், டெல்மர் தேடிக்கொண்டிருந்த ஒரு வாஷரும், கொஞ்சம் கந்தல் காகிதமும் வந்தன. நூல் மட்டும் வரவில்லை.

“நல்லாத் துடைச்ச மாதிரி ஆச்சு” என்றார் வெண்டல்.

“வெண்டல், நீங்க காபி குடிங்க.”

“அட, சின்னக் கசிவுதானே மார்லிஸ். ஆய்வாளர் இதையெல்லாம் சோதிக்க மாட்டார். டெல்மர், விடுப்பா.”

எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதையும் பெரிதாகச் சொல்ல வராது. சூறாவளி கூரையைக் கொண்டுபோனாலும் ‘பரவாயில்ல, சுவர் இருக்கே’ என்பார்கள். வெண்டலின் அப்பா அறுவடை எந்திரத்தில் விரல் போன அன்று, ‘லேசாக் கீறிடுச்சு’ என்று சொல்லிவிட்டுத் தானே ஆஸ்பத்திரிக்குக் காரோட்டிப் போனவர். டெல்மரும் அதே மண்தான்.

“அவர் சொல்றதும் சரிதான்” என்றான் என்னைப் பார்க்காமல். “கசிஞ்சா முள்ளு குறைச்சுதான் காட்டும். நிஜத்துல நான் அதைவிட வேகமாப் போவேன். அது ஆபத்தில்லாத பக்கம்.”

“இன்னிக்குக் கொஞ்சமாக் கசியுது. மேல போனப்புறம் முழுசாப் பிச்சுக்கிட்டா? முள்ளு கீழ விழுந்துடும். என்ன வேகம்னு தெரியாம எப்படி இறங்குவே?”

“உத்தேசமா இறங்குவேன்.”

“உத்தேசமா காரை நிறுத்தி நம்ம தபால் பெட்டியை இடிச்சியே, அந்த மாதிரியா?”

வெண்டல் காபியை உற்றுப் பார்த்தார்.

“இந்தச் சனியன் எப்ப முடியும்னு தினமும் கேட்டவளே நீதான்” என்றான் டெல்மர். அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதே குறைவு. “முடிஞ்சுடுச்சு. இப்ப அடித்தகட்டைப் பிரிக்கணும்னா ரிவெட் ஆணியெல்லாம் துளைச்சு எடுக்கணும். பெயின்ட் போயிடும். திங்கட்கிழமை போயிடும். இந்த வருஷமே போயிடும், மார்லிஸ்.”

அந்த நீல பெயின்ட்டை அவன் வசந்தம் முழுக்க பூசித் தேய்த்துப் பூசினான். அதன் பக்கத்தில் காபிக் கோப்பையைக்கூட வைக்க விடமாட்டான். எனக்கும் அது தெரியும். ஆனாலும் எழுந்துபோய் டிரில்லை எடுத்து வந்தேன். இந்த ரிவெட்டுகளை அவன் வெளியிலிருந்து அடித்தபோது, உள்ளே ஆணி முனை நசுங்க இரும்புக்கட்டியை முட்டுக்கொடுத்துப் பிடித்தவள் நான். எது எங்கே இருக்கிறதென்று எனக்கும் தெரியும்.

“அடிப்பக்கம்தானே? நீ பறக்கும்போது அதைப் பாக்கப்போறது நானும் மாடுங்களும்தான். நாங்க குறை சொல்ல மாட்டோம்.”

முதல் ரிவெட்டில் டிரில்லை வைத்தேன். நீலத்தூள் முகத்தில் விழுந்தது. டெல்மர் கண்ணை மூடிக்கொண்டான்.

ஒரு மூலை பிரிந்ததும் தகட்டை விரலால் தாழ்த்தி, டார்ச் அடித்தேன். உள்ளே கந்தல் காகிதமும் பஞ்சும் சேர்ந்து உருண்டையாக ஒரு கூடு. கூட்டைச் சுற்றிச் சூரியகாந்தி விதைத் தொலி. வீட்டுக்காரம்மாவான எலி, எங்கள் குழாயைப் பாதிக்குமேல் கடித்துவிட்டிருந்தது. மிச்சம் ஒரு நூலிழை மாதிரி தொங்கியது. எலி மூத்திரம் பட்ட இடத்தில் தகடு அரித்து வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது.

டெல்மர் குனிந்து பார்த்தான். தொங்கிய குழாயை ஒரு விரலால் தொட்டான்.

“வெண்டல்,” என்றேன், “பறவைக்குப் போடுற சூரியகாந்தி விதை மூட்டையை எங்க வச்சிருக்கீங்க?”

“மூடித்தான் வச்சிருக்கேன்” என்றார் வெண்டல். பிறகு பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு, “அநேகமா” என்று சொல்லியபடியே போய்விட்டார்.

டெல்மர் கொட்டகை வாசலில் நின்று ஆய்வாளருக்கு ஃபோன் செய்தான். எனக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது.

“இல்ல சார், திங்கட்கிழமை வேண்டாம்... விமானமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என் பொண்டாட்டிதான் இன்னும் தயாரா இல்ல... ஆமா சார், அக்டோபர்னாலும் சரி. பொம்பளைங்கதான், தெரியுமே.”

டிரில்லை அவன் தலைமேல் எறிந்திருக்கலாம். எறியவில்லை. அக்டோபர் வரை அவன் தரையில் இருப்பான். அதற்காக இந்தப் பழியையும் சுமக்கலாம்.

அவன் திரும்பிவந்து பக்கத்தில் படுத்தான். டார்ச்சைத் தூக்கி அடுத்த ரிவெட்டின்மேல் பிடித்தான்.

“சாய்க்காம வை. துளை பெருசாயிடும்.”

“அவ்வளவு தெரிஞ்சவன் நீயே பண்ணேன்.”

“வேண்டாம்” என்றான். டார்ச் வெளிச்சம் தகட்டின்மேல் ஓரிடத்தில் நிற்காமல் ஆடியது. “உன் கைதான் நடுங்கல.”