குடும்பத்துக்கு ஒரு குடம்

பட்டியல் போடுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. எங்கள் தெரு மாதர் சங்கத்துக்கு நான்தான் காரியதரிசி. ஐம்பத்தாறாம் வருஷம் மாசி மாதம், செங்கல்பட்டிலிருந்து பன்னிரண்டு குடும்பங்களைக் குழந்தை குட்டியோடு மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பம் ஒன்றுக்குச் சிரமதானத்துக்கு அழைத்துப் போனேன். ஒவ்வொரு வீட்டுக்கும் என் கையாலேயே எழுதிக் கொடுத்தேன்: மண்வெட்டி ஒன்று, கூடை இரண்டு, புளியோதரை, தீர்த்தம் ஒரு குடம்.

குப்பத்துக் கிணறு போன புயலில் மண் மூடிவிட்டது. அங்கே பெண்கள் ஒன்றரை மைல் நடந்து தண்ணீர் சுமந்தார்கள். புதுக் கிணறு வெட்டித் தருகிறோம் என்று எல்லம்மாளிடம் வாக்குக் கொடுத்திருந்தேன். குப்பத்தில் அவள் வைத்ததுதான் சட்டம்.

விடியற்காலை லாரியில் குழந்தைகள் ஒருவர் மடியில் ஒருவர் தூங்கிக்கொண்டே வந்தார்கள். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் உப்புக்காற்று வந்தது. கடல் கண்ணில் படுமுன்னே அதன் ஓசை வந்துவிட்டது. தூரத்தில் கல்கோயில் பனியில் மிதப்பதுபோல் நின்றது. விழித்திருக்கிறேனா என்றே எனக்குச் சந்தேகம்.

பெரியவர்கள் தோண்டினார்கள்; குழந்தைகள் வரிசையாக நின்று மணல்கூடையைக் கைமாற்றினார்கள். குப்பத்துப் பிள்ளைகளும் நடுநடுவே புகுந்துகொண்டார்கள். சிறிது நேரத்தில் எது யார் வீட்டுக் குழந்தை என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மணல் நிறம். கூடைகள் போய்க்கொண்டே இருந்தன, வெயிலும் அலையும் கனவில்போல மெல்ல நகர்ந்தன.

உச்சிவேளைக்கு அடிமணல் ஈரமாயிற்று. பிறகு உள்ளங்கையளவு நீர், அதில் ஒரு துண்டு வானம். குழந்தைகள் மூச்சுவிடாமல் எட்டிப் பார்த்தார்கள்.

கலங்கல் தெளிந்ததும் எல்லம்மாள் ஒரு செம்பு மொண்டு என்னிடம் நீட்டினாள்.

"தோண்டுனவங்கதான் மொதல்ல குடிக்கணும். எங்க வயக்கம்."

என் கை எழவில்லை. பக்கத்தில் பர்வதம் மாமி அவசரமாகத் தன் பித்தளைக் குடத்தைச் சாய்த்து, "எங்களுக்கு இதுவே போறும்" என்றாள். பன்னிரண்டு குடமும் வரிசையாக நிழலில் இருந்தன. எல்லம்மாள் அவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"எங்க தண்ணி வாணாம், எங்களுக்குக் கெணறு மட்டும் வெட்டுவீங்களா? இன்னா நாயம் இது? மூடிட்டுப் போங்க. நாங்க நடந்தே கொண்ணாந்துக்கறோம்."

ஐயோ, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அப்போது என் ஏழு வயது சரோஜா பாவாடையைப் பிடித்து முறுக்கிக்கொண்டு எல்லம்மாளைக் காட்டிச் சொன்னாள்: "அம்மா, நான் காலையிலேயே அவா ஆத்துல குடிச்சுட்டேன். ஒண்ணும் ஆகலையே."

எல்லார் முன்னாலும் மானம் போனதுபோல் இருந்தது. என் கோபம்தான் ஊரறிந்ததாயிற்றே, கை ஓங்கிவிட்டேன். எல்லம்மாள் குறுக்கே வந்து நின்றாள்.

"கொயந்தய அடிக்காதேம்மா. தாகமா கீதுன்னுச்சு, குட்த்தேன். விடிய நடந்து கொண்ணாந்த தண்ணிதான்."

ஒன்றரை மைல். அதில் ஒரு செம்பை என் பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறாள். நானோ ஊருக்குத் தண்ணீர் தர வந்த மகராசி மாதிரி, எங்களுக்கென்று தனிக் குடம் போட்டுப் பட்டியல் எழுதியிருக்கிறேன். வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

ஓங்கிய கையை இறக்கி, இரண்டு கையையும் குவித்து நீட்டினேன். அவள் ஊற்றினாள். பர்வதம் மாமி, "அடி கோமளம்!" என்று அலறியது எங்கோ கேட்டது. குளிர்ந்த நீர், லேசான உப்பு, பல்லில் இரண்டு மணல். கடல்கூட ஒரு கணம் ஓய்ந்ததுபோல் இருந்தது எனக்கு.

எல்லம்மாள் செம்பைக் கீழே வைத்துவிட்டு, சரோஜாவின் முன் தன் கைகளைக் குவித்தாள்.

"இப்ப உங்க தண்ணிய ஊத்து கண்ணு. செங்கல்பட்டுது எப்டி கீதுன்னு பாக்கலாம்."

சரோஜா எங்கள் குடத்தை இடுப்போடு அணைத்துச் சரித்தாள். எல்லம்மாள் குடித்தாள், வாயைத் துடைத்தாள், யோசித்தாள்.

"எங்குளுதுதான் ருசி" என்றாள்.

நான் சிரித்தேன். சிரிக்கும்போதே கண்ணில் நீர் வந்துவிட்டது.