பதினைந்து மில்லிமீட்டர்

என் மனைவியின் உடம்பு எனக்கு மில்லிமீட்டர் கணக்கில் தெரியும். உட்கார்ந்திருக்கும்போது தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை நானூற்றுப் பத்து. இருக்கையிலிருந்து முழங்கை வரை இருநூற்று முப்பது. அங்கிருந்து கண் மட்டம் வரை எழுநூற்று இருபது. எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதிவைத்திருக்கிறேன். அவளுக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டால் மட்டும் கொஞ்சம் முழிப்பேன்.

நான் மேசை, நாற்காலி வடிவமைக்கிறவன். வீட்டின் பின்பக்கம்தான் பட்டறை. கூட வேலை செய்யும் வெல்டர் எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் 'இஞ்சு டேப்'. யார் வீட்டுக்குப் போனாலும் அவர்கள் உட்கார்ந்திருக்கும் லட்சணத்தைத்தான் முதலில் பார்ப்பேன். பார்த்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மாவும் இருக்கமாட்டேன். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் எங்களைக் கூப்பிடுவதை நிறுத்தியதற்கு அதுதான் காரணம் என்று மனைவி சொல்வாள். மீதிப் பாதி ஏன் நிறுத்தினார்கள் என்று அவளும் சொன்னதில்லை.

அவளுடைய வேலை வீட்டிலிருந்தே செய்வது. நோயாளிகளைப் பார்த்த பிறகு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்து அனுப்புவார்கள். அதை ஹெட்போனில் கேட்டு அறிக்கையாக டைப் அடித்துக் கொடுக்க வேண்டும். காலடியில் ஒரு பெடல் இருக்கும். மிதித்தால் குரல் ஓடும், காலை எடுத்தால் நிற்கும். பதினாறு வருடமாக இதைச் சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரத்தில், ஒரு மர நாற்காலியில் உட்கார்ந்து செய்துவந்தாள். ஊரில் உள்ளவர்களின் இடுப்பையெல்லாம் காப்பாற்றக் கிளம்பியவன் வீட்டில்தான் இந்தக் கூத்து. போன வருடம் ஒருநாள் குனிந்தவள் நிமிர முடியாமல் நின்றுவிட்டாள். டிஸ்க் விலகியிருக்கிறது என்றார்கள்.

எனக்கு அடிமடியில் கைவைத்த மாதிரி இருந்தது. வந்த வேலைகளையெல்லாம் வெல்டர் தலையில் கட்டிவிட்டு, அவளுக்கென்று ஒன்று செய்ய உட்கார்ந்தேன். நான்கு மாதம் ஆயிற்று. முதலில் அட்டையில் செய்தேன், பிறகு மரத்தில், பிறகு இரும்பில். தினமும் காலையில் அவளை உட்கார வைத்து, தரையில் மண்டியிட்டு, "எங்க வலிக்குது?" என்று கேட்பேன். "இங்க இல்ல, இன்னும் கொஞ்சம் கீழ" என்பாள். இடுப்புக்கு முட்டுக் கொடுக்கும் திண்டை ஏற்றுவேன், இறக்குவேன். "இப்ப?" என்பேன். "இப்ப பரவாயில்ல. ஆனா உங்க தலைமுடி என் கைல குத்துது" என்பாள். சில நாள் அரை மணி நேரம் ஆகும், சில நாள் இரண்டு மணி நேரம் ஆகும். வேலை நடக்கிறது என்றுதான் அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன்.

முடித்தபோது எனக்கே பெருமை பிடிபடவில்லை. இருக்கை, மேசை, திரை, விளக்கு, பெடல் எல்லாம் ஒரே இரும்புச் சட்டத்தில். சாய்ந்தால் திரையும் கீபோர்டும் கூடவே சாயும். கழுத்து அப்படியே இருக்கும். கீபோர்டு இரண்டாகப் பிரிந்து இரு பக்கமும் கைக்கு அடியில் வந்து நிற்கும். தண்ணீர் பாட்டிலுக்கு இடம், தட்டு வைக்க மடக்குப் பலகை. கடைசியாக ஒன்று சேர்த்தேன். ஹெட்போன் போட்டிருந்தால் கூப்பிடுவது அவளுக்குக் கேட்காது. போய்த் தோளைத் தொட்டால் திடுக்கிட்டுத் திரும்புவாள், கழுத்து வெட்டும். அதனால் சமையலறையில் ஒரு பொத்தான் வைத்தேன். நான் அழுத்தினால் அவள் திரைக்குக் கீழே ஒரு சிறு விளக்கு எரியும். பார்த்துவிட்டேன் என்பதற்கு அவள் அதை அணைத்தால் பொத்தானில் இருக்கும் விளக்கும் அணையும்.

மகன் வேலைக்குப் போன ஊரிலேயே வீடு வாங்கிவிட்டதால் அவன் அறை சும்மா கிடந்தது. அங்கே கொண்டுபோய்ப் பொருத்தினோம். இரண்டே மாதத்தில் வலி போய்விட்டது. வைத்தியம் பார்த்த பிசியோதெரபிஸ்ட் அம்மா வந்து பார்த்து, தன் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

ஆனால் பொருத்திய நாளிலிருந்தே என் மனைவி அந்த அறையிலேயே தங்கிவிட்டாள்.

இதைக் கொஞ்சம்கூட மிகைப்படுத்தவில்லை. காலை எட்டரைக்கு உள்ளே போனால் மாலை ஏழு வரை அங்கேதான். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதையும் அறைக்குள்ளேயே, கதவிலிருந்து ஜன்னல் வரை நடந்து முடித்துக்கொள்வாள். மதியம் நான் பொத்தானை அழுத்துவேன். விளக்கு எரியும், அணையும். பத்து நிமிடம் கழித்து அவள் வந்து தட்டில் போட்டுக்கொண்டு திரும்பிப் போய்விடுவாள். தட்டு வைக்கத்தான் பலகை இருக்கிறதே. வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமையும் அதில் சாய்ந்துகொண்டு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் சாப்பாட்டு மேசையில் தனியாகச் சாப்பிட்டேன். முன்பெல்லாம் எதிர் ஓரத்தில் அவள் டைப் அடித்துக்கொண்டிருப்பாள், டாக்டர்களின் உச்சரிப்பைத் திட்டிக்கொண்டிருப்பாள், நடுவில் என் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொள்வாள். இப்போது மேசை துடைத்துவைத்தபடியே கிடந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவள் இல்லாமல் சாப்பாடு இறங்கவில்லை.

வெல்டரிடம் ஒருநாள் புலம்பினேன்.

"போய்க் கூப்பிட வேண்டியதுதானே?" என்றான்.

"தினமும் பொத்தானை அழுத்துறேனே."

"பொத்தானை இல்லய்யா. வாயைத் திறந்து."

"எதுக்குக் கூப்பிடணும்? அவளுக்காத் தெரிய வேணாமா?"

அவன் முகக் கவசத்தை இறக்கிவிட்டு வெல்டிங்கைத் தொடர்ந்தான்.

அந்த வாரம் ஒரு பெரிய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். இதைப் போல நாற்பது செய்து தர முடியுமா என்று விசாரிக்க வந்தவர்கள். அவள் எழுந்து இடம் கொடுத்தாள். அதில் ஒருவர் உட்கார்ந்து, சாய்ந்து, கண்ணை மூடி, "சார், இதுல உக்காந்தா எந்திரிக்கவே மனசு வராது போலிருக்கு" என்றார். அவள் லேசாகச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. அவர்கள் போன கையோடு அவள் மறுபடி உட்கார்ந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். நான் சமையலறைக்குப் போய் நின்றேன், பொத்தானை அழுத்தாமல் திரும்பிவிட்டேன்.

மறுநாள் காலை அவள் குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அந்த அறைக்குள் நுழைந்தேன். திண்டைப் பதினைந்து மில்லிமீட்டர் இறக்கினேன். திரையை இரண்டு விரற்கடை பின்னால் தள்ளினேன். வேறு எதையும் தொடவில்லை. ஒரு மணி நேரத்தில் இடுப்பு லேசாக இழுக்கும், உட்கார்ந்திருக்கப் பிடிக்காது, எழுந்து வெளியே வருவாள் என்பது என் கணக்கு. உடம்புக்கு ஏற்றபடி நாற்காலி செய்து பிழைக்கிறவன், ஒரு உடம்பு நோகட்டும் என்று நாற்காலியைத் திருகிக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு ஸ்பானரைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தேன். அதை நினைத்தால்தான் இப்போது எரிச்சலாக இருக்கிறது.

அன்று அவள் வெளியே வரவில்லை. மறுநாள் காலை வாசல் பக்கம் போகிற சாக்கில் எட்டிப் பார்த்தேன். ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உள்ளே போனேன்.

"எங்க வலிக்குது?"

ஹெட்போனைக் கழற்றினாள். "இங்க. லேசாத்தான்."

மண்டியிட்டு, டேப்பை எடுத்து, தெரியாததுபோல அளந்தேன். திண்டைக் கொஞ்சம் ஏற்றினேன். முழுதாக ஏற்றவில்லை. அவள் ஒரு டாக்டரைப் பற்றிச் சொன்னாள். மனுஷன் பேசிக்கொண்டே எதையோ மெல்லுவாராம், சிறுநீரகத்தைப் பற்றி அவர் சொல்வதெல்லாம் சாப்பாட்டைப் பற்றிச் சொல்வதுபோல இருக்குமாம். நான் வாய்விட்டுச் சிரித்தேன். இருபது நிமிடம் பேசிக்கொண்டிருந்தோம். பட்டறைக்குப் போகும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை. அவள் குளிக்கப் போவாள், நான் திண்டை இறக்குவேன். பத்து மணிக்குப் போய் எங்கே வலிக்கிறது என்று கேட்பேன், பாதி சரிசெய்வேன். அவள் ஏதாவது சொல்வாள். மகன் போன வாரம் பேசியது, பக்கத்து வீட்டில் சுவரை இடிப்பது, பல வருடங்களுக்கு முன்னால் நாங்கள் வாங்காமல் விட்ட ஒரு அலமாரி. பதினோரு நாள் இப்படியே போயிற்று. மதியம் அவள் மேசைக்கு வரவில்லைதான். ஆனால் எனக்குக் காலை பத்து மணி என்று ஒன்று கிடைத்திருந்தது. அதற்காக நாளெல்லாம் காத்திருந்தேன்.

பன்னிரண்டாம் நாள், பதினோரு மணி இருக்கும். பட்டறையில் இருந்தேன்.

"என்னங்க" என்று குரல் வந்தது.

அவள் என்னை வாய்விட்டுக் கூப்பிட்டு எத்தனை மாதம் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டே ஓடினேன். இருக்கையின் கைப்பிடியைப் பிடித்தபடி அரைகுறையாக எழுந்து நின்றாள். இடது கால் மரத்துப்போயிருந்தது. முகமெல்லாம் வியர்வை. தூக்காத குறையாகக் கொண்டுபோய்க் கட்டிலில் படுக்க வைத்தேன்.

பிசியோதெரபிஸ்ட் அம்மா வந்து காலைத் தூக்கி, மடக்கிப் பார்த்தார். நல்லவேளையாக மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை என்றார். ஆனால் மூன்று வாரத்துக்கு உட்காரவே கூடாது. படுக்கலாம், கொஞ்சம் நிற்கலாம், கழிப்பறைக்குப் போகலாம், அவ்வளவுதான். சொல்லிவிட்டு எதிர் அறைக்குப் போய் இருக்கையைப் பார்த்தார். செல்போனில் பழைய படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டார்.

"இந்தத் திண்டு இதுக்கு மேல இருந்துச்சே. யார் இறக்கினது?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் மேடம்" என்றாள் மனைவி கட்டிலிலிருந்து. "கொஞ்சம் மாத்திப் பாக்கலாமேன்னு."

"வீட்டுக்காரர் இவ்வளவு கஷ்டப்பட்டுச் செஞ்சு குடுத்திருக்கார். அதுல போய்க் கை வைக்கிறீங்களே" என்று அவர் அவளைக் கடிந்துகொண்டார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"நான்தான் இறக்கினேன்" என்றேன்.

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"மொத நாளே. எட்டு மாசமா அதுல உக்காந்திருக்கேன். திண்டு எறங்கினது எனக்குத் தெரியாதா?"

"அப்ப ஏன் சொல்லல?"

அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "சொன்னா சரி பண்ணிட்டுப் போயிருவீங்க."

அவளே தொடர்ந்தாள்.

"நாலு மாசம் தெனமும் வந்து எங்க வலிக்குதுன்னு கேட்டீங்க. வேலை முடிஞ்சதும் விளக்கு போட்டுக் கூப்பிட ஆரம்பிச்சீங்க. நானும் அணைச்சுட்டுப் பத்து நிமிஷம் உக்காந்து பாப்பேன். நீங்களே வந்து எட்டிப் பாக்கறீங்களான்னு. வரல. அதான் தட்டை எடுத்துக்கிட்டுப் போனேன். இந்த வீட்ல நான் மட்டுந்தான் இருக்கற மாதிரி இருந்துச்சு."

அது நான் சொல்ல வேண்டிய வார்த்தை. எட்டு மாதமாக மனதுக்குள் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். மேசையில் தனியாக உட்கார்ந்து அவளைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரமெல்லாம் பத்தடி தூரத்தில் அவள் ஒரு தட்டை வைத்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டிருக்கிறாள்.

"நீ வருவேன்னுதான் இறக்கினேன்" என்றேன். "வேற ஒண்ணுமில்ல. சாப்பிடும்போது நீ எதிர்ல இருக்கணும்னு."

"கேட்டிருக்கலாமே."

"இப்ப கேக்கறேன். வா, சேர்ந்து சாப்பிடலாம்."

அவள் ஒரு கையை ஊன்றிப் பார்த்தாள். தலையணையிலிருந்து தோள் நான்கு விரற்கடை எழுந்தது. அதற்குமேல் முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் மூச்சு வாங்கியது.

"மூணு வாரம் உக்காரக் கூடாதுல்ல. மறந்தே போச்சு" என்றாள்.

நான்தான் இரண்டு தட்டையும் எடுத்து வந்தேன். அவள் ஒருக்களித்துப் படுத்தபடி நான்கு வாய் சாப்பிட்டாள். போதும் என்றாள். என் தட்டு மடியிலேயே இருந்தது. ஏதாவது பேச வேண்டும் என்று தோன்றியது. முப்பத்தொரு வருடம் ஒரே வீட்டில் இருந்தவளிடம் கேட்க ஒரு கேள்வியைத் தேடினேன். தேடத் தேட ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. வேறு வழியில்லாமல் அதையே கேட்டேன்.

"எங்க வலிக்குது?"

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.