கதவுக்கு வெளியே ஒரு ஜோடி ஷூ

சுபஸ்ரீ மாலத்தீவுக்குப் போவதும் போகாததும் அன்றைக்கு வேணி ஓர் அறையை எப்படிச் சுத்தம் செய்கிறாள் என்பதில் இருந்தது. இதில் வேடிக்கை, அந்த விஷயம் வேணிக்கே தெரியாது.

இரண்டு பேரும் தென்னூரில் ஒரு கேட்டரிங் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறார்கள். கடைசி ஆறு மாதம் ஏதாவது ஒரு ஹோட்டலில் பயிற்சி எடுத்தால்தான் பட்டம். போன வருஷம் வரை சென்னை, பெங்களூரு என்று போய்க்கொண்டிருந்தவர்களுக்கு இந்த வருஷம் யோகம் அடித்தது. மாலத்தீவில் ஒரு ரிசார்ட்டிலிருந்து ஆள் எடுக்க வந்திருந்தார்கள். தீவு முழுக்க அந்த ரிசார்ட்தான். ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பத்து நிமிஷத்தில் நடந்துவிடலாமாம். பெயர் கொடுத்தவர்களை வடிகட்டி வடிகட்டிக் கடைசியில் ஒன்பது பேர் நின்றார்கள். அதில் பெண்கள் இரண்டே பேர், ஸ்ரீரங்கத்து சுபஸ்ரீயும் சமயபுரத்து வேணியும்.

சுபஸ்ரீயின் அப்பா சௌரிராஜன் உத்தர வீதிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருப்பவர். மகள் விஷயத்தைச் சொன்னதும் போனில் அந்தத் தீவைத் தேடிப் பார்த்தார். நீலத்துக்கு நடுவே ஒரு புள்ளி தெரிந்தது. விரலால் பெரிதாக்கினார். புள்ளி இன்னும் கொஞ்சம் பெரிய புள்ளியாயிற்று, அவ்வளவுதான்.

"சுத்தி சமுத்திரம். தெரிஞ்சவான்னு ஒருத்தர் கிடையாது. தலைவலின்னா ஒரு மாத்திரை வாங்கித் தர ஆள் உண்டா அங்கே?"

"வேணி இருப்பாப்பா. நம்மாத்துக்கு ரெக்கார்டு எழுத வந்தாளே, அந்தப் பொண்ணு."

"அவ உன்கூட வரதானா அனுப்பறேன். இல்லேன்னா சென்னையிலேயே ஏதாவது பாரு. துணைக்கு ஒருத்தர் இல்லாம அனுப்ப மாட்டேன், பெருமாள் மேல ஆணை."

பெருமாளை நடுவில் இழுத்துவிட்டார் என்றால் அப்பா இறங்கி வரமாட்டார். அதற்குமேல் அம்மாவே வாயைத் திறப்பதில்லை.

அன்றிலிருந்து சுபஸ்ரீ வேணியைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டாள். சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் சமயபுரம் பஸ் வரும்வரை அவளை நிறுத்திவைத்து ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாள். "குட் ஈவினிங் சார், மே ஐ ஹெல்ப் யூ" என்று வேணி உரக்கச் சொல்ல, பக்கத்தில் நிற்கும் கொய்யாப்பழக்காரர் தன்னைத்தான் கேட்கிறாளோ என்று திரும்பிப் பார்ப்பார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடமெல்லாம், "வேணியையும் என்கூட அழைச்சுண்டு போறேன்" என்று சுபஸ்ரீ சொன்னாள். சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதையும் மறைப்பானேன்.

தேர்வு கன்டோன்மென்ட்டில் ஒரு ஹோட்டலின் மூன்றாவது மாடியில் நடந்தது. சுபஸ்ரீக்குப் பதினோரு மணிக்கே முடிந்துவிட்டது. ரிசப்ஷன் பிரிவுக்குத் தேர்வாகிவிட்டாள். ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடாக வந்தது. தேர்வு நடத்தியவர் அந்தத் தீவின் ஹவுஸ்கீப்பிங் தலைவி தஹ்ஸீன். இதே ஊரில் பாலக்கரையில் பிறந்து வளர்ந்தவர் என்று சொன்னார்கள். ஆனால் காலையிலிருந்து அவர் வாயில் ஒரு தமிழ் வார்த்தை வரவில்லை, சிரிப்பும் வரவில்லை.

வேணி கேட்டிருந்தது ஹவுஸ்கீப்பிங். அறையைக் கூட்டி, படுக்கை விரித்து, குளியலறை கழுவுகிற வேலை. வகுப்பில் ஒருத்தரும் அதை முதல் விருப்பமாக எழுத மாட்டார்கள். ஒன்று, கோட்டு போட்டுக்கொண்டு சிரிக்கிற வேலை வேண்டும்; இல்லையென்றால் செஃப் தொப்பி வேண்டும். "மூணு வருஷம் படிச்சிட்டு வெளக்கமாத்தைத் தூக்கவா போற?" என்று கூடப் படிக்கும் ரஞ்சித் கிண்டலடித்தான். "ஆமாடா, உன் ரூமுக்கு வந்தாலும் நல்லாவே கூட்டித் தரேன்" என்றாள் வேணி. அவளுடைய அம்மா ராக்கம்மாள் சமயபுரத்தில் பக்தர்கள் தங்கும் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்பவர். அதை அவள் எங்கேயும் மறைத்ததில்லை. காலை நேர்காணலில் குடும்பத்தைப் பற்றிக் கேட்டபோதுகூட, "மை மதர் ஆல்சோ ஹவுஸ்கீப்பிங் மேடம், நைன்டீன் இயர்ஸ்" என்று தலையை நிமிர்த்திச் சொன்னாளாம். கேள்விப்பட்ட சுபஸ்ரீக்கு உடம்பு சிலிர்த்தது. அந்த இடத்தில் தான் இருந்திருந்தால் வேறு ஏதாவது சொல்லி மழுப்பியிருப்போம் என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

ஹவுஸ்கீப்பிங்குக்கு ஒரே இடம், போட்டிக்கு நாலு பேர். ஒவ்வொருத்தரும் 312-ஆம் எண் அறையை முப்பது நிமிஷத்தில் சுத்தம் செய்து முடிக்க வேண்டும். அதோடு அறையில் என்னென்ன குறை என்று கண்டுபிடித்து ஒரு தாளில் எழுத வேண்டும். ஆளுக்கு ஆள் புதிதாக ஐந்து குறைகளைத் தஹ்ஸீன் மேடம் தன் கையாலேயே ஒளித்துவைத்தார். முதலில் போன ஜெயக்குமார் இரண்டு கண்டுபிடித்தான். அடுத்த இருவரும் மூன்று மூன்று.

மத்தியானம் இரண்டு மணிக்கு வேணி உள்ளே போனாள். தாழ்வாரத்தின் மறுகோடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுபஸ்ரீ இருபத்தைந்து நிமிஷம் கழித்து மெல்ல எழுந்து வந்து பார்த்தாள்.

கதவுக்கு வெளியே, சுவரோரமாக, வேணியின் கறுப்பு ஷூ ஒரு ஜோடி. ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக, கோயில் வாசலில் விட்ட மாதிரி அழகாக வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

கல்லூரியில் இதற்காகவே அவள் வாங்காத திட்டில்லை. படுக்கை உள்ள அறைக்குள் செருப்புக் காலோடு நுழைய அவளுக்குக் காலே வராது. மூன்று வருஷமாக ஆசிரியர்கள் கத்திக் கத்தி ஒருவழியாக மாற்றியிருந்தார்கள். இன்றைக்குப் பதற்றத்தில் பழைய பழக்கம் திரும்பிவிட்டது. தாழ்வாரத்தில் ஒரு பொருள் கிடக்கக் கூடாது, வேலை நேரத்தில் ஷூவைக் கழற்றக் கூடாது. இரண்டும் முதல் பாடம்.

லிஃப்ட் வரும் சத்தம் கேட்டது. தஹ்ஸீன் மேடமாகத்தான் இருக்கும். சுபஸ்ரீக்கு ஒன்றுமே ஓடவில்லை. சட்டென்று குனிந்து ஷூவை எடுத்துத் தன் தோள்பைக்குள் திணிக்கப் போனவள் அப்படியே நின்றாள். பைக்குள், நல்லபடியாக நடக்க வேண்டும் என்று காலையில் அம்மா கொடுத்துவிட்ட பெருமாள் துளசி இருந்தது. துளசி இருக்கிற பையிலா ஷூவைப் போடுவது? அவசர அவசரமாகத் துளசிப் பொட்டலத்தை வெளியே எடுத்து இடது கையில் பிடித்துக்கொண்டாள். ஷூ உள்ளே போயிற்று. பெருமாளே, மன்னிச்சுக்கோ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு குதிகால் மட்டும் உள்ளே போக மறுத்து எட்டிப் பார்த்தது.

லிஃப்டில் வந்தது யாரோ ஒரு ரூம் சர்வீஸ் பையன். அவன் போன பிறகு ஷூவைத் திரும்ப வைத்தால் கிடக்கக் கூடாத இடத்தில் கிடக்கும், வைக்காவிட்டால் வேணிக்கு ஷூ இருக்காது. என்ன செய்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே தஹ்ஸீன் மேடம் மாடிப்படி வழியாக வந்து சேர்ந்தார். சரியாக முப்பதாவது நிமிஷம் கதவு திறந்தது.

வேணி வாசலில் நின்றாள். கண் சுவரோரம் போயிற்று. அங்கே ஷூ இல்லை. அவளுடைய வெறும் காலைப் பார்த்த தஹ்ஸீன் மேடம், ஷூ எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

வேணி ஒரு கணம் சுபஸ்ரீயின் பையைப் பார்த்தாள். குதிகாலைக் கண்டுவிட்டாள். பார்வையைத் திருப்பிக்கொண்டு, "நான்தான் மேடம் கழட்டுனேன். பழக்கம் மேடம். தப்புதான்" என்றாள். சுபஸ்ரீயின் பெயரை எடுக்கவே இல்லை.

பேசாமல் இருந்துவிட்டால் சுபஸ்ரீ மேல் பழி வராது. ஆனால் தன் வாய்ப்பு கண் முன்னால் போகும்போதும் காட்டிக்கொடுக்காமல் நிற்கிற ஒருத்தியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசாமல் இருக்க அவளால் முடியவில்லை.

"ஷூவை எடுத்தது நான் மேடம்."

காலையில் அப்படிக் கொட்டிய ஆங்கிலம் இப்போது எங்கே போயிற்று என்று தெரியவில்லை. தமிழில்தான் வந்தது. பையிலிருந்து ஷூவை எடுத்துத் தரையில் வைத்தாள். "வெளியில கிடந்தா இவளுக்கு மார்க் போயிடும்னு நினைச்சு எடுத்துட்டேன். இவ வந்தாத்தான் எங்கப்பா என்னை அனுப்புவார். இவளுக்காகன்னு சொல்ல முடியாது மேடம், எனக்காகத்தான் எடுத்தேன்."

வேணி ஆச்சரியமாக அவளைப் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் நடந்த ஆங்கில வகுப்புக்கெல்லாம் அவளுக்கு இப்போதுதான் காரணம் புரிந்திருக்க வேண்டும்.

தஹ்ஸீன் மேடம் அறைக்குள் போனார். இருவரும் பின்னாலேயே போனார்கள். படுக்கை விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. குளியலறைக் கண்ணாடியைத் தலை சாய்த்துப் பார்த்தார், திரைச்சீலையின் பின்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு வேணி எழுதிய தாளை எடுத்தார். எரியாத பல்பு, தலையணை உறைக்குள் மிட்டாய்த் தாள், குளியல் தொட்டியில் ஒரு முடி, பேட்டரி இல்லாத ரிமோட். நாலும் சரி. ஐந்தாவதாக அவர் மாற்றிவைத்தது கடிகாரம், பத்து நிமிஷம் பின்னால். அதை வேணி பார்க்கவில்லை. அந்த இடத்தில் வேறு ஒன்றை எழுதியிருந்தாள். கார்ப்பெட், ஜன்னல் பக்கம், ஈரம், ஏ.சி. தண்ணீர்.

ஏ.சி.யைத் தான் தொடவே இல்லையே என்று ஆங்கிலத்தில் சொன்னார் மேடம். ஜன்னல் பக்கம் போய் நின்று ஷூ காலால் கார்ப்பெட்டைத் தேய்த்துப் பார்த்தார். ஈரம் எதுவும் தெரியவில்லை. குனிந்து பார்த்தார். கண்ணுக்கும் தெரியவில்லை.

"ஷூவோட தெரியாது மேடம்," என்றாள் வேணி, தயங்கித் தயங்கி. "கால்ல சில்லுன்னு படுது."

தஹ்ஸீன் மேடம் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் ஷூவைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். வெறும் காலை வைத்தவர், எடுத்து, ஓரடி தள்ளி வைத்தார். மறுபடி பழைய இடத்துக்கே வந்தார்.

"அட, ஆமா!" என்றார்.

அதுதான் அன்றைக்கு அவர் பேசிய முதல் தமிழ். கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால், ஏ.சி.க்கு நேர் கீழே சுவரோடு தண்ணீர் இறங்கி அடிப்பக்கம் முழுக்க ஊறியிருந்தது.

"காலையிலேர்ந்து இந்த ரூமுக்கு எத்தனை தடவை வந்து போயிருப்பேன்! நானே பார்க்கலை. இது உனக்கு யாரும்மா சொல்லிக் கொடுத்தா?"

"யாரும் சொல்லித் தரலை மேடம். அம்மா வேலை செய்யுற லாட்ஜ்ல அப்படித்தான். பால்குடம் எடுத்துட்டு வர்றவங்க, மொட்டை போட்ட குழந்தைங்க, எல்லாரும் தரையிலதான் உக்காருவாங்க, தரையிலதான் சாப்பிடுவாங்க. அதனால யாரும் செருப்போட உள்ள போகமாட்டோம். பானகம் சிந்தியிருந்தா துடைச்சப்புறம் கண்ணுக்குத் தெரியாது, கால்ல ஒட்டும். அம்மா ஒரு சுத்து நடந்து பார்த்துட்டுத்தான் சாவி குடுக்கும்."

பத்தொன்பது வருஷம். ஒரு நாளைக்கு எத்தனை அறை, ஒவ்வொன்றிலும் ஒரு சுற்று. முன்பின் தெரியாத யாரோ ஒரு குழந்தை அந்தத் தரையில் படுக்கும் என்பதற்காக நடந்து பார்த்த கால்கள். வேணியின் அம்மாவைச் சுபஸ்ரீ பார்த்ததே இல்லை. அந்த நிமிஷம் பார்த்துக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

தஹ்ஸீன் மேடம் வெறும் காலோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். பிரமாதமாக விரித்த படுக்கை கசங்கியது. அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

"தாழ்வாரத்துல ஷூ வச்சதுக்கு மார்க் குறைச்சுட்டேன். கண்ணாடி உடைஞ்சு கிடந்திருந்தா உன் காலு என்னாயிருக்கும்? முதல்ல ஷூவோட வேலையை முடி. அப்புறம் கழட்டிட்டு ஒரு சுத்து நடந்து பாரு. புரியுதா?"

"புரியுது மேடம்."

"எங்க தீவுக்கு வர்றவங்க படகுல இருந்து இறங்கினதும் செருப்பைக் கழட்டிருவாங்க. ஊருக்குத் திரும்புற அன்னைக்குத்தான் மறுபடி போடுவாங்க. பத்து நாளும் வெறுங்காலுதான். அங்க ரூம் நல்லாயிருக்கா இல்லையான்னு அவங்க கால்தான் முதல்ல கண்டுபிடிக்கும். அதைக் கண்டுபிடிக்கிற ஆளைத்தான் நான் ஊர் ஊரா தேடிக்கிட்டிருக்கேன். பாலக்கரைக்கும் சமயபுரத்துக்கும் என்ன தூரம்! வேணி, நீ வர்றே."

வேணி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். சுபஸ்ரீ அழுதேவிட்டாள்.

"நீ ஏம்மா அழற?" என்று தஹ்ஸீன் மேடம் சுபஸ்ரீ பக்கம் திரும்பினார். "அடுத்தவங்க பொருள்ல இன்னொரு தடவை கை வச்சே, அடுத்த படகுல ஊருக்கு அனுப்பிருவேன். உண்மையைச் சொன்னதால விடறேன். அப்புறம் இன்னொண்ணு. கெஸ்ட் கழட்டுற செருப்பையெல்லாம் ஆளுக்கொரு பையில போட்டுப் பேர் எழுதி வைக்கிறது ரிசப்ஷன்காரங்க வேலை. நீ இப்பவே ஆரம்பிச்சுட்ட போலிருக்கு."

அப்போதுதான் சிரித்தார். வேணியும் சிரித்தாள். இடது கையில் துளசியோடு நின்ற சுபஸ்ரீ, இந்தச் செருப்புப் பை விஷயத்தை மட்டும் அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்வதில்லை என்று முடிவு செய்தாள்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இருவரும் வழக்கமான இடத்தில் நின்றார்கள். இன்றைக்கு ஆங்கில வகுப்பு இல்லை.

"கோவமா?" என்று கேட்டாள் சுபஸ்ரீ.

"எதுக்கு? உங்கப்பா கேட்டது நியாயம்தானே. எங்கம்மாவும் அதேதான் கேட்டுச்சு, துணைக்கு யாரு வர்றான்னு. நான் உன் பேரைத்தான் சொன்னேன்." சமயபுரம் பஸ் வந்துவிட்டது. ஏறப் போனவள் திரும்பி, "அந்தத் துளசியைக் கொஞ்சம் குடு. அம்மாவுக்கு" என்று கையை நீட்டினாள். சுபஸ்ரீ பொட்டலத்தோடு கொடுத்துவிட்டாள்.

ஸ்ரீரங்கத்தில் இறங்கி நேரே கடைக்குப் போனாள். அப்பா யாருக்கோ மாத்திரைப் பட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோல் நின்றது.

"என்ன ஆச்சு? அந்தப் பொண்ணு உன்கூட வராளா?"

"இல்லைப்பா."

அப்பா முகம் விழுந்தது. துணையில்லாமல் அனுப்ப மாட்டேன் என்று சொன்னவருக்கு ஏன் அப்படி விழ வேண்டும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. சுபஸ்ரீ கடைக்குள் காலெடுத்து வைக்கும் முன் செருப்பை வாசலில் கழற்றிவிட்டாள். உள்ளே வந்து அவர் எதிரில் நின்று சொன்னாள்.

"அவ என்கூட வரலைப்பா. நான்தான் அவகூடப் போறேன்."