ஜெரினா பேண்டு: ஒரு விண்ணப்பம்

1

இந்தக் கதை நான் தட்டச்சு செய்த ஒரு தாளிலிருந்து வந்தது. 1951இல் தம்புசெட்டித் தெருவில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். வயது நாற்பது. அந்தத் தாளில் ஒரு பொய்யை அடித்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'ராயபுரத்துக் கடற்காற்றில் கிளாரினெட்டின் சோகம் மிதந்து...'

வேண்டாம். அத்தாவுல்லா கல்யாண ஊர்வலத்துக்கு வாசிப்பவர். சோகமாக வாசித்தால் யார் கூப்பிடுவார்கள்?

2

அத்தாவுல்லா கிளாரினெட், மாசானம் பெரிய டிரம், இன்னும் ஆறு பேர். டிரம்மின் மேல் சிவப்பில் 'ஜெரினா பேண்டு' என்று எழுதியிருக்கும். ஜெரினா அத்தாவுல்லாவின் மகள். ஒன்பது வயதில் தொண்டை அடைப்பான் கண்டு இறந்துபோனாள்.

[அவளுடைய உண்மைப் பெயர் வேறு. பொய்யை அடித்த விரல்களால் அதை எழுதக் கூசுகிறது.]

கொருக்குப்பேட்டையில் பக்தவச்சலம் என்பவர் அதே பெயரில் இன்னொரு பேண்டு தொடங்கினார். [இவரை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஓடுகிற பெயர் என்று வைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.] அவருடைய ஆட்கள் ஒரு கல்யாணத்தில் கள்ளச்சாராயம் குடித்துவிட்டு மாப்பிள்ளை வீட்டாரோடு கைகலந்தார்கள். ஊருக்கு இரண்டு பேண்டும் ஒன்றுதான். அத்தாவுல்லாவைக் கூப்பிடுவது நின்றது.

"ஜெரினா பேண்டா? வேணாம்பா, கலீஜ் கும்பலு அது" என்று திருவொற்றியூரில் ஒருவர் முகத்துக்கு நேரே சொன்னாராம். அதற்குப் பிறகுதான் அத்தாவுல்லாவும் மாசானமும், வேறு யாரும் வைக்க முடியாதபடி பெயரைப் பதிவு செய்ய எங்கள் படியேறினார்கள்.

3

"வாசிக்கிறதுக்கெல்லாம் பதிவு கிடையாது. சட்டம் விக்கிற சரக்குக்குத்தான்" என்றார் வக்கீல். "டிரம் செஞ்சு விக்கிறீங்கன்னு போடலாம்."

"மெய்யாவே விக்கிறோம் சார்" என்றார் மாசானம்.

"அப்புறம், ஆள் பேருன்னா பம்பாய் பதிவு ஆபீஸ்ல லேசுல ஒத்துக்க மாட்டாங்க. நாமளே உண்டாக்கின சொல்லுன்னு எழுதிடலாம்."

இங்கிலீஷில் அடித்து முடித்தேன். அத்தாவுல்லா தாளைப் பார்த்தார்.

"இன்னா எழுதிக்கீறீங்க சார்? தமிழ்ல சொல்லுங்க."

சொன்னேன். "ஜெரினா என்பது விண்ணப்பதாரர் கற்பித்த சொல். அதற்குப் பொருள் இல்லை. அது எவருடைய பெயரும் அல்ல."

பேனாவை வாங்கியவர் அதன் மூடியை மறுபடி மாட்டினார்.

"போட்டுடு பாய்" என்றார் மாசானம். "எட்டு வூடு இத்த நம்பி கீது. வெறும் காயிதம்தானே?"

"அவள கபர்ல இறக்கசொல்லோ நீயும் பக்கத்துலதானே நின்னே, மாசானம்? அப்டி ஒரு ஆளே இல்லன்னு நான் எப்டி கையெழுத்துப் போடுவேன்?"



[ஒரு வரைவில் அத்தாவுல்லாவைக் கையெழுத்துப் போட வைத்தேன். கதை நன்றாகவே வந்தது. கிழித்துவிட்டேன். ஒருமுறை பொய் அடித்தது போதும்.]

4

நடந்தது இதுதான். அத்தாவுல்லா கையெழுத்துப் போடாமல் தாளை மேசைமேல் வைத்துவிட்டு இறங்கிப்போனார். மறுநாள் காலை டிரம்மிலிருந்த பெயரைத் தன் கையாலேயே சுரண்டினார். அந்த இடத்தில் 'மாசானம் பேண்டு' என்று எழுதச் சொன்னார்.

"இன்னா பாய், என் பேரா?"

"உன் பேர எவனாவது கெடுத்தா நீ போய் சண்ட போடுவே. அவளால முடியாதே."

புதுப் பெயருக்கு மெல்ல மெல்லக் கல்யாணங்கள் வந்தன. பழைய பெயர் பக்தவச்சலத்திடமே இருந்தது.

பெயரைச் சுரண்டிய அன்று வீட்டுக்குப் போய், ஜெரினாவின் தாய் ரஹீமுன்னிசாவிடம் அத்தாவுல்லா என்ன சொன்னார்? மாசானத்தைக் கேட்டேன். "நான் வாசல்லயே நின்னுகினேன் சார்" என்றார்.

அவர் சொல்லியிருக்கக்கூடியதை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் அழித்துவிட்டேன். மிஞ்சியது பாதி வாக்கியம்: 'ரஹீமு, இனிமே அவ பேரு...'

இதற்கு மேல் எழுத எனக்கு உரிமையில்லை. உங்கள் வீட்டில் அப்படி ஒரு பெயர் இருந்தால் அந்த வாக்கியத்தை நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள்.