பெரிய கடிகாரத்தின் கீழே பொட்லா

கல்கத்தாக்காரர்கள் வழி சொல்லும் அழகே அழகு. சியால்தா ஸ்டேஷன் வாசலில் "ஹவுராவுக்கு எந்த பஸ்?" என்று நான் கேட்டது ஒருவரிடம், பதில் சொன்னவர்கள் நாலு பேர். நாலு பேரும் நாலு பக்கம் கையை நீட்டினார்கள். அப்புறம் என்னை அம்போவென்று விட்டுவிட்டு, யார் சொன்ன வழி சரி என்று தங்களுக்குள் சண்டை பிடித்துக்கொண்டார்கள்.

எங்கள் ஊர் பாலூர்காட்டிலிருந்து வந்த என் ரயில் அன்றைக்கு ஆறு மணி நேரம் தாமதம். என் வலது கண் போய் இரண்டு வருடமாகிறது. இடது கண்ணும் புகைமூட்டமாகிக்கொண்டு வந்தது. தெற்கே வேலூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் நாலு மாதம் கழித்துத்தான் அடுத்த தேதி. அதுவரை இந்தக் கண் தாங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஹவுராவில் மூன்று மணிக்கு ரயில். டிக்கெட்டும் ஆஸ்பத்திரிக் காகிதங்களும் பொட்லாவிடம் இருந்தன. பொட்லா எங்கள் தெருப் பையன். பையன் என்ன பையன், ஐம்பது வயதுத் தடியன், கல்கத்தாவில் வேலை. துணைக்கு வருவதாக ஒப்புக்கொண்டிருந்தான்.

"டேபிதி, பெரிய கடிகாரத்துக்குக் கீழ நில்லு. ரெண்டு மணிக்கு நான் அங்க இருப்பேன்" என்று போனில் சொல்லியிருந்தான். தி என்றால் அக்கா.

பஸ்ஸில் ஏறினேன். ஏறினேன் என்ன, ஏற்றப்பட்டேன். என் பை ஒருவர் மடியில், என் செருப்பு ஒன்று யார் காலடியிலோ. பாதி வழியில் ஏதோ ஊர்வலம். கொடி கொடியாகப் போனார்கள், எதற்கென்று கேட்டால் பஸ்ஸில் ஒருவருக்கும் தெரியவில்லை. இறங்கி நடந்தேன். பாலத்தில் சாமந்திக் கூடைகள் தலைக்கு மேலே பறந்தன, "தள்ளு தள்ளு" என்று கத்தினார்கள். எந்தப் பக்கம் தள்ளுவது? எனக்குத் தெரிந்தது பாதி உலகம்தான், அதுவும் மங்கல். போனை எடுத்துப் பார்த்தால் உயிர் இல்லை.

கடிகாரத்தின் கீழே போய் நின்றபோது இரண்டேகால். பொட்லா இல்லை. ஒலிபெருக்கி ஓயாமல் வங்காளியில், இந்தியில், இங்கிலீஷில் கத்திக்கொண்டிருந்தது. நடுவில், "மிருண்மயி சாக்லாதார், எங்கிருந்தாலும் விசாரணை அலுவலகத்துக்கு வரவும்" என்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும். மறுபடியும்.

"யாருடி அவ, இத்தனை தடவை கூப்பிட்டும் அசையாம நிக்கிற செவிட்டு மூதேவி" என்று பக்கத்தில் பொரி தின்றுகொண்டிருந்தவளிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள்.

இரண்டரையும் ஆகிவிட்டது. விசாரணை ஜன்னலுக்கு ஓடினேன்.

"ஐயா, என் பொட்லாவைக் காணோம்!"

உள்ளே இருந்தவர் நிமிரவேயில்லை. "காணாமப்போன சாமான் அந்தக் கோடில, மாஷிமா."

எங்கள் பேச்சில் பொட்லா என்றால் மூட்டை. அது எனக்கு உறைக்காமல், அந்தக் கோடி வரை மூச்சிரைக்கப் போனேன். அங்கே இருந்தவர், "என்ன நிறம்?" என்றார்.

"மாநிறம்."

"உள்ள என்ன இருக்கு?"

"உள்ளயா? கொழுப்பு இருக்கு! மனுஷன்யா அவன், மனுஷன்!"

திரும்பி ஓடி வந்தபோது இரண்டு நாற்பது. ஜன்னல்காரர் இப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "மனுஷனா? அவரோட நல்ல பேரைச் சொல்லுங்க, கூப்பிடறேன்."

நல்ல பெயர்! வீட்டில் கூப்பிட ஒன்று, பள்ளிக்கூடத்துக்கும் சர்க்காருக்கும் ஒன்று என்று எங்கள் ஊரில் எல்லாருக்கும் இரண்டு உண்டு. நாற்பது வருடமாக அவன் எனக்குப் பொட்லா. வேறு பெயர் இருக்குமென்றே நான் நினைத்ததில்லை.

"தெரியாதுய்யா."

"சரி, உங்க பேரு?"

"டேபி."

"அடக் கடவுளே! உங்க நல்ல பேரு, மாஷிமா!"

எனக்கே அது நினைவுக்கு வரவில்லை. வீட்டுக்காரர் "ஏய், கேக்குதா" என்பார். பிள்ளைகளுக்கு மா, மாமியாருக்கு போமா, தெருவுக்கு டேபிதி, தெரியாதவர்களுக்கு மாஷிமா. பைக்குள் கையை விட்டு அடையாள அட்டையை எடுத்தேன். கண்ணருகே கொண்டுபோனேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி ஊர்ந்தது. ஜன்னலுக்குள் நீட்டிவிட்டேன்.

அவர் படித்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் படித்தார்.

"மிருண்மயி சாக்லாதார். நாலு தடவை கூப்பிட்டேனே, மாஷிமா! ஒரு மனுஷன் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா வந்து என் உயிரை எடுத்துட்டான்!"

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பிறகு அந்தப் பெயரில் என்னை யாரும் வாய்விட்டுக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்ட அன்றைக்கு நானே அவளை மூதேவி என்றிருக்கிறேன்.

அவர் மைக்கை இழுத்தார். "பொட்லா, எங்கிருந்தாலும் உடனே வரவும். உங்க மிருண்மயி கிடைச்சாச்சு." ஸ்டேஷனே சிரித்தது. காதெல்லாம் சிவக்க, இரண்டு பெட்டிகளோடு ஓடி வந்தான் தடியன்.

"கடிகாரத்துக்குக் கீழ நில்லுன்னுதானே சொன்னேன்!"

"நின்னேன்டா! நீ எங்க நின்னே?"

"கீழதான்!"

அந்தப் பாழாய்ப்போன கடிகாரத்துக்கு இரண்டு முகம். அவன் ஒன்றின் கீழே, நான் மற்றதன் கீழே. அதற்கு மேல் திட்ட நேரமில்லை. தெற்கு ரயில் நிற்பது ஸ்டேஷனின் அடுத்த கட்டடத்தில். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினான். நாங்கள் ஏறிய கையோடு வண்டி நகர்ந்தது.

கரக்பூர் தாண்டி டிக்கெட் பரிசோதகர் வந்தார். "மிருண்மயி சாக்லாதார்?"

சொல்லப்போன பொட்லாவின் வாயைப் பொத்தினேன். என்னை அறியாமல் என் வலது கை உயர்ந்தது.

"உள்ளேன், ஐயா!" என்றேன், பெட்டி முழுக்கக் கேட்க.