தட்டுக்கு அடியில் அவினாசியப்பன்

பாரிநகரில் எம்.டி.எஃப். பலகைத் தட்டு உள்ள ஒவ்வொரு வீட்டிலும், தட்டின் நடுவில் குடும்பத்தில் ஒருவர் தாங்கி நிற்பார். கனகமணியின் வீட்டில் அவள் கணவர் அவினாசியப்பன் நின்றார். நிற்கத் தொடங்கி ஒன்பது வருஷம் ஆகியிருந்தது.

இதில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. மரத்தூளை மாவாக அரைத்து, பசை ஊற்றி, அமுக்கிச் செய்த பலகை அது. மொழுமொழுவென்று கண்ணுக்கு லட்சணமாக இருக்கும். நீளமாகப் போட்டுச் சாமானை ஏற்றினால் மட்டும் நடுவயிறு தொங்கிவிடும். தொங்கினால் யாராவது தாங்கத்தானே வேண்டும்? பாரிநகரைக் கட்டிய புண்ணியவான் எல்லா வீட்டுக் கூடத்திலும் சுவருக்குச் சுவர் எட்டடி விட்டிருந்தார். அதனால் எல்லா வீட்டிலும் எட்டடித் தட்டு, எல்லாத் தட்டுக்கும் ஓர் ஆள். சில வீட்டில் மாமனார், சில வீட்டில் நாத்தனார். மூலைவீட்டு அம்மாள் மட்டும் தட்டே போடாமல் சாமான்களைத் தரையில் வைத்திருந்தார். அவருக்குச் சொந்தக்காரர்கள் யாரும் கிடையாது.

தட்டு வாங்குவதற்கு ஒரு முறை இருந்தது. நிற்கப்போகிறவரைத் தலைக்குக் குளிக்கவைத்து, வெற்றிலை பாக்கோடு ஊத்துக்குளி ரோட்டில் உள்ள சுலைமான் பாயின் பலகைக்கடைக்கு அழைத்துப்போவார்கள். பாய் அவரை நேராக நிறுத்தி, தரையிலிருந்து தோள்பட்டைவரை டேப் பிடிப்பார். அந்த உயரத்தில் தட்டு வரும். ஆளை அங்குலம் அங்குலமாக அளந்தார்களே தவிர, பலகை எவ்வளவு தடிமன் என்று பாரிநகரில் ஒரு ஜீவனும் கேட்டதில்லை. சமர்த்தான ஊர்தான், ஆனால் அந்தக் கேள்வி மட்டும் அதற்குத் தோன்றவில்லை.

அவினாசியப்பன் டவுன்பஸ் கண்டக்டராக இருந்தவர். தோள் தட்டுக்கு அடியிலும் தலை தட்டுக்கு முன்னாலும் இருக்க, எதிர்ச்சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நின்றுகொண்டே தூங்குவது கண்டக்டருக்குப் புதிதா என்ன? விசில் இன்னும் கழுத்தில் தொங்கியது. பால் பொங்கினால் ஒரு விசில் கொடுப்பார், கனகமணி தையல் மிஷினை விட்டு ஓடிப்போய் அடுப்பை நிறுத்துவாள். வாசலுக்கு வந்த கீரைக்காரி போகலாம் என்றால் இரண்டு விசில்.

தட்டின் மேல் எட்டு பாகம் கலைக்களஞ்சியம், ஒரு ஜோடிப் பித்தளைக் குத்துவிளக்கு, பழைய டி.வி., ஸ்டெபிலைசர், மகள் தாரணி கோ-கோ விளையாட்டில் ஜெயித்து வாங்கிய கோப்பைகள் எல்லாம் இருந்தன. கனமானவை அத்தனையும் நட்டநடுவில். அப்படி வைத்தால்தான் பார்க்க எடுப்பாக இருக்கும் என்று எல்லா வீட்டிலும் வைப்பார்கள்.

தாரணிக்குப் பால் பண்ணையில் முதல் ஷிப்ட் வேலை. மூன்று மணிக்கு வீடு திரும்புவாள். வந்ததும் முக்காலியை அப்பாவின் முன்னால் போட்டு ஏறி நின்று, அவர் முகத்துக்கு நேராக முகம் வைத்து, ஊர்க்கதை முழுக்கச் சொல்லுவாள். எந்தத் தெருவில் பள்ளம் தோண்டியிருக்கிறார்கள், ஒன்பதாம் நம்பர் பஸ்ஸில் இப்போது யார் டிரைவர், எல்லாம் அவருக்கு மூன்று மணிக்குத்தான் தெரியவரும். பாதி முறுக்கு அவளுக்கு, பாதி அவருக்கு. மூன்று மணிக்குப் பிறகு அன்றைய நாள் தானாக உருண்டுபோய்விடும்.

ஆவணி இருபதாம் தேதி தாரணிக்குக் கல்யாணம் என்று முடிவானது. மாப்பிள்ளைக்குச் சத்தியமங்கலம். மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, பத்திரிகையை அவினாசியப்பனின் கண்ணுக்கு நேராகப் பிடித்துக் காட்டியபோதுதான் அவர் வாயைத் திறந்தார்.

"ஏங் கனகு, என்ற புள்ளைய நாந்தானே தாரை வாத்துக் குடுக்கோணும்?"

ஒன்பது வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி அது. ஒரு தலையணைகூடக் கேட்டதில்லை மனுஷன்.

"நீங்க வராம கல்யாணமா? வருவீங்க, சும்மா இருங்க," என்றாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது.

முதலில் அவளே நின்று பார்த்தாள். நாலு அங்குலம் குட்டை. மணைப்பலகை போட்டு ஏறி நின்றாலும், ஒன்பது வருஷம் அவர் தோளில் பழகிய தட்டு இவள் தோளை ஒப்புக்கொள்ளாமல் முனகியது. ஒப்புக்கொண்டாலும்தான் என்ன, அப்பா வந்த கல்யாணத்தில் அம்மா இருக்கமாட்டாள். சாமான்களை இறக்கித் தரையில் வைத்துவிட்டுப் போகலாமே என்று கேட்பீர்கள். சொந்தபந்தம் உள்ள வீட்டில் சாமான் தரையில் கிடந்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள்?

மறுநாள் காலை கனகமணி தனியாகப் பலகைக்கடைக்குப் போனாள்.

"வாங்க அம்மிணி. நிக்கற ஆளைக் கூட்டிட்டு வரலீங்களா?" என்றார் சுலைமான் பாய், டேப்பை எடுத்துக்கொண்டே.

"இல்லீங்க பாய். ஆளில்லாம நிக்கற தட்டு ஒண்ணு வேணுமுங்க."

பாய் டேப்பைச் சுருட்டி வைத்தார். கடைக்குள் போய்ச் சற்று நேரம் பலகைகளைத் தட்டிப்பார்த்துவிட்டு வந்தார்.

"உங்க ஊட்ல இருக்கறது பதினெட்டு எம்.எம்.முங்க. இருபத்தஞ்சு எம்.எம். ஒண்ணு இருக்குது. நெம்ப முரட்டுப் பலகை. ஆனா ஒண்ணு, தண்ணி மட்டும் காட்டிராதீங்க. உப்பிப்போயிரும்."

தடிமனாக இருந்தால் தாங்கும் என்று கனகமணி நினைத்தாள். யார்தான் நினைக்கமாட்டார்கள்? பலகை வந்தது. சாமான்கள் அரைமணி நேரம் மூலைவீட்டு அம்மாளின் தரையில் இருந்தன. புதுத்தட்டை ஏற்றி, எல்லாவற்றையும் பழையபடி அடுக்கி, சுவருக்குச் சுவர் நூல் இழுத்துக் கட்டினாள். தட்டும் நூலும் ஒட்டி நின்றன. அவினாசியப்பன் ஓர் எட்டு வெளியே வைத்தார். பிறகு இன்னோர் எட்டு. கூடத்துச் சன்னல்வரை போய், வெளியே கொய்யாமரம் வளர்ந்திருக்கிறது என்று சொன்னார்.

அன்று மாலைவரை தட்டு நேராக இருந்தது. மறுநாள் காலையில் நடுவில் ஒரு நூலளவு இறங்கியிருந்தது. அதற்கும் மறுநாள் ஒரு விரல்கடை. கனகமணி அடுக்களையிலிருந்து வந்து பார்த்தபோது, அவினாசியப்பன் பழைய இடத்தில் போய் நின்றிருந்தார். தோளில் துண்டை மடித்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அடக்காமல் அழுதாள். கல்யாணத்துக்கு இன்னும் நாலு நாள்.

அழுதாலும் துவைத்த துணி காயவேண்டும் அல்லவா? கொல்லைக்குப் போய்க் கொடிக்கயிற்றில் ஈரச் சமுக்காளங்களை எடுத்துப் போட்டாள். கல்யாணத்துக்கு வருகிற விருந்தாளிகளுக்காகத் துவைத்தவை, ஒவ்வொன்றும் ஓர் எருமைக்கன்று கனம். கயிறு தரையைத் தொடப் பார்த்தது. கை தன்போக்கில் சுவரோரம் இருந்த கவைக்கொம்பு இரண்டையும் எடுத்து, பக்கத்துக்கு ஒன்றாகக் கயிற்றுக்கு முட்டுக் கொடுத்தது. கயிறு நிமிர்ந்தது.

கனகமணி அங்கேயே நின்றாள். இருபது வருஷமாக இந்தக் கயிற்றுக்கு அடியில் யாரும் நின்றதில்லை. கையிலே வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறாள்!

உள்ளே ஓடினாள். மிஷினில் தாரணியின் கூரைச்சேலை பாதியில் கிடந்தது. அடியோரத்துக்கு ஃபால்ஸ் வைத்துத் தைத்த பாகம் மடிப்புக் கலையாமல் விறைப்பாக நின்றது, தைக்காத பாகம் துவண்டு கிடந்தது. ஊருக்கெல்லாம் சேலைக்கு ஃபால்ஸ் அடித்துக் கொடுக்கிறவள் அவள். அந்த மடிப்பை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

"பாய், தட்டுக்கு ஃபால்ஸ் அடிக்கோணுமுங்க," என்றாள்.

பாய்க்கு உடனே புரிந்தது. அவர் வீட்டுச் சேலைகளுக்கும் அவள்தான் அடித்துக் கொடுப்பாள்.

"முன்னோரத்துக்கு ஒண்ணரை அங்குல வேங்கை ரீப்பர்ச் சட்டம் போட்டரலாங்க. படுக்க வெச்சா வளையுமுங்க. நிமுத்தி வெச்சுப் பசையுந் திருகாணியும் போட்டம்னா வளையாது. பின்னாலயுஞ் செவுத்தோட ஒரு பட்டி அடிச்சுருங்க, முதுகு சாஞ்சுக்கும்."

"அடில ரெண்டு கவைக்கொம்பு."

"அதுக்கு இதே பலகைல ரெண்டு துண்டு நிமுத்தி வெச்சுக்கலாம். எட்டடிக்கு ரெண்டு இருந்தா எடைவெளி மூணடிக்குள்ளதான் வரும்," என்ற பாய் கொஞ்சம் தயங்கினார். "அப்ப ஆளை அளக்க வேண்டியதில்லீங்களா?"

"வேண்டியதில்லீங்க."

"செரி," என்றார் பாய்.

அன்றைக்கே எல்லாம் அடித்து முடிந்தது. கனகமணி இன்னொரு காரியமும் செய்தாள். நடுவில் எடுப்பாக வீற்றிருந்த கலைக்களஞ்சியத்தைப் பிரித்து, நாலு பாகத்தை ஒரு முட்டுக்கு நேர் மேலேயும் நாலு பாகத்தை இன்னொரு முட்டுக்கு நேர் மேலேயும் வைத்தாள். குத்துவிளக்குகளும் டி.வி.யும் ஸ்டெபிலைசரும் இரு கோடிக்குமாகப் போயின. நடுவில் கோ-கோ கோப்பைகள் மட்டும், காற்று மாதிரி. பிறகு நூலைக் கட்டிவிட்டு அதன் கீழே கோரைப்பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். அவினாசியப்பன் முக்காலியில் உட்கார்ந்து தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நாள் போயிற்று. இரண்டு, மூன்று நாள் போயின. நூலுக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு தலைமுடிகூட நுழையவில்லை. நாலாம் நாள் காலையில் அவினாசியப்பன் சலவை வேட்டியை உதறிக் கட்டினார்.

மண்டபத்தில் அவரை உட்காரவைக்க எவராலும் முடியவில்லை. நின்றபடியே எல்லாரையும் வாங்க வாங்க என்றார். நடக்கும்போது பழக்கதோஷத்தில் ஒரு கை மேலே கம்பியைத் தேடியது. தாரை வார்க்கிற நேரம் வந்ததும் தாரணியின் கையை எடுத்து மாப்பிள்ளையின் கையில் வைத்தார். கனகமணி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். அவர் கண்ணிலிருந்தும் அதே அளவுக்கு ஊற்றியது. அதைத் துடைக்க இரண்டு கையும் அவருக்குச் சும்மா இருந்தும் அவர் துடைக்கவில்லை.

பெண்ணை அனுப்புகிற நேரம் கார் வாசலில் நின்றது. எல்லாரும் ஏறியாயிற்று, டிக்கியும் மூடியாயிற்று. கார் கிளம்பவில்லை. டிரைவர் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். அவினாசியப்பனின் வாயில் விசில் இருந்தது, ஊதத்தான் மூச்சு வரவில்லை.

தாரணி கண்ணாடியை இறக்கினாள். "ரைட் குடுங்கப்பா," என்றாள்.

அவர் இரண்டு விசில் கொடுத்தார். கார் போயிற்று.

மறுநாள் வீட்டில் தட்டு நேராக இருந்தது. அவினாசியப்பன் காலையில் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்தார். கொய்யாமரத்தைப் போய்த் தொட்டுப் பார்த்தார். பதினொரு மணிக்குக் கனகமணி மிஷினில் உட்கார்ந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி சுமாருக்கு அவள் காலடியிலிருந்து நூல்கண்டு ஒன்று தானாக உருண்டது. பின்னாலேயே பாபினும் சாக்குக்கட்டியும் உருண்டன. எல்லாம், தண்ணீர் பள்ளத்தைப் பார்த்துப் போவதுபோல, மூன்று மணியைப் பார்த்துப் போயின.

கனகமணி எழுந்து, தட்டுக்குக் கட்டியதுபோல நாளுக்கும் கட்டிப்பார்க்க நூலை எடுத்தாள். ஒரு நுனியை வாசல் பக்கம் காலை ஆறு மணியில் முடிந்தாள். மறுநுனியைக் கொல்லைப்பக்கம் இரவு பத்து மணிக்குக் கொண்டுபோய் இழுத்துக் கட்டிவிட்டு வந்து குனிந்து பார்த்தாள். பதினாறு மணி நேரம், நடுவில் ஒரு முட்டுகூட இல்லை. மூன்று மணி நன்றாக இரண்டு விரல்கடை கீழே இறங்கியிருந்தது. தாரணி ஏறி நின்று கதை சொன்ன முக்காலி அதன் மேல் காலியாகக் கிடந்தது.

"எறங்கிருச்சா?" என்றார் அவினாசியப்பன்.

"ஆமாங்க."

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, மூன்று மணிக்கு அடியில் போய் நின்று தோளைக் கொடுத்தார். நாள் கொஞ்சம் நிமிர்ந்தது, முழுக்க நிமிரவில்லை.

"சித்த அக்கட்ட தள்ளி நில்லுங்க," என்றாள் கனகமணி. "இந்த நீளத்துக்கு ரெண்டு வேணும்."

அவர் இரண்டு மணிப் பக்கமாகத் தள்ளி நின்றார். அவள் நாலு மணிப் பக்கமாக நுழைந்து நின்றாள். இந்தமுறை உயரம் சரியாக இருந்தது, மணைப்பலகை தேவைப்படவில்லை. அவள் மடியிலிருந்து ஒரு முறுக்கை எடுத்து உடைத்து, பாதியை அவர் வாயில் வைத்தாள்.

அவர் மென்று முடித்துவிட்டு இரண்டு விசில் கொடுத்தார். மூன்று மணி ஐந்து நிமிஷம் ஆயிற்று.